ஐஸுக்கு முன்னால் நின்ற படம்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். உனக்குக் கனடாவில் வேலை கிடைத்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது, இஸ்திரிக்காரர் உட்பட. நீயும் நித்யாவும் முதலில் போகிறீர்கள், வீடு பார்த்துக் காலூன்றும்வரை ஆதி எங்களோடு திருச்சியில் இருக்கட்டும் என்கிறாய். "ரெண்டே வருஷம்பா. ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தக் குளிர் ஆகாது. உங்களுக்கும் பொழுது போகும்" என்றாய். உன் அம்மா போனை வைத்த கையோடு மாடி அறையை ஒட்டடை அடித்து, ஜன்னலுக்குப் புது ஸ்க்ரீன் தைக்க உட்கார்ந்துவிட்டாள். துணியில் யானை, ஒட்டகம் எல்லாம் இருக்கிறது. நான்தான் பதில் சொல்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து வாதாடுவாய். அதனால் எழுதுகிறேன். பதிலைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைப் படிக்க மாட்டாய். அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

குளிர் என்றாயே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் எடுத்த ஐஸ், ஃப்ரிட்ஜ் ஐஸைச் சொல்லவில்லை, தானாக உறைந்த ஐஸ், எங்கே என்று நினைவிருக்கிறதா? எண்பதுகளின் பாதியில் நாம் துபாயில், அல் குசைஸில் இருந்தோம். ஜன்னல் ஏசி லாரி போலச் சத்தம் போடும் வீடு. பால்கனியில் உன் மூன்று சக்கர சைக்கிள் பாதி மணலில் புதைந்து நிற்கும். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். அதே ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர்தான் நீ குணம் மாமா என்று கூப்பிட்ட யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை ஆனால் ஆபீஸே தேரா கடைத்தெருவுக்குப் போகும். அவர் மட்டும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ராஸ் அல் கைமா பக்கத்து மலைகளுக்குப் போவார். மற்றவர்கள் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். நானும்தான். ஒரு குளிர்காலத்துச் சனிக்கிழமை என் மேஜையில் ஒரு படத்தைப் போட்டார். பாறைக் குழியில் தண்ணீர் மேல் ஐஸ் ஏடு படிந்து, அதற்குள் வெள்ளைக் கோடுகள் ஓடின. நான் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எந்த ஓட்டல் ஃப்ரிட்ஜ்?" என்றேன். மனுஷர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். டீ நேரத்தில்கூட முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் அவரே வந்து, "வாய்க்கு வந்தபடி கதைக்காமல் குடும்பத்தோடை வந்து பாரும்" என்றார்.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் கம்பெனி பிக்கப்பில் போனோம். உன் அம்மா புளியோதரையும் ஃபிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொண்டாள். கம்பளி என்று நம் வீட்டில் ஒன்றும் கிடையாது, ஏசிக்குப் போர்த்துகிற போர்வைகள்தான். மலைமேல் வண்டி போகிற இடம் வரை போய்க் கூடாரம் போட்டுத் தூங்கி, விடியும்போது நடந்தோம். உன் கைகளுக்கு என் சாக்ஸைப் போட்டுவிட்டேன். நீ பொம்மலாட்டம் காட்டிக்கொண்டே வந்தாய். மலைக்காரர்கள் ஆடுகளுக்காகக் கல் அடுக்கிக் கட்டிய ஒரு தொட்டி இருந்தது. அதன் மேல் முழுக்க ஐஸ். பக்கத்துப் பாறை விளிம்பில் இரவெல்லாம் சொட்டிய தண்ணீர் அப்படியே நின்றுபோய், வாழைப்பழச் சீப்பைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் வரிசையாகத் தொங்கியது. ஈர மண்ணிலிருந்து இடியாப்பம் பிழிந்ததுபோல மெல்லிய ஐஸ் இழைகள் எழும்பி, தலையில் மண்துகளைச் சுமந்துகொண்டு நின்றன.  கோடையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கை பொசுங்குகிற தேசத்தில் இப்படி ஒரு காலை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? குணம் அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்து, "இப்ப சொல்லும், எந்த ஓட்டல்?" என்றார்.

நீ தொட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஐஸ் ஏட்டை உடைத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சூரியனைப் பார்த்தாய். "அப்பா, லுக்! சன் பிரோக்கன் ஆயிடுச்சு!" என்று கத்தினாய். அந்தச் சத்தத்தில் எங்கிருந்தோ ஓர் ஆடு பதில் சொன்னது. அடுத்த நிமிடம் அதை நாக்கால் நக்கினாய். உன் அம்மா ஓடிவந்து, "ஆடு குடிக்கிற தண்ணிடா, துப்பு, துப்பு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அந்த நேரம் நம் வீட்டில் எல்லாம் இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. குணம் அண்ணன் எல்லாவற்றையும் படம் எடுத்தார். ஆனால் அதற்கு முன்பே, அவர் காபி குடிக்கிற நேரத்தில் புது ஃபிலிமைக் கேமராவில் மாட்டித் தருகிறேன் என்று மூக்கை நுழைத்தவன் நான். ஃபிலிமின் நுனி சுருளில் சரியாகச் சிக்கவில்லை. அவர் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார், உள்ளே ஃபிலிம் நகரவே இல்லை. ஸ்டூடியோக்காரன் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாய், குச் நஹி. காலி" என்றான். குணம் அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை. "அடுத்த குளிருக்குப் போவம்" என்றார்.

அடுத்த குளிருக்கு நீங்கள் அங்கே இல்லை. எண்ணெய் விலை விழுந்தது, கம்பெனியில் எங்கள் பலருக்கும் ஃபேமிலி ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார்கள். வீட்டு வாடகையை இனி கம்பெனி தராது, நீ வேண்டுமானால் கேம்ப்பில் பேச்சிலராக இரு என்றார்கள். எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்தது. விடிந்தால் யாராவது ஒருவர் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு வேறு வழி இல்லை, இப்போது யோசித்தாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஏர்போர்ட்டில் நீ என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். நான் உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சொன்னது என்ன தெரியுமா? "ரெண்டே வருஷம்டா கண்ணா." நான் ஊருக்கே திரும்பி வந்தபோது உனக்கு மீசை முளைத்து, ரயில்வே ஸ்டேஷனில் என் பெட்டியை நீ தூக்கினாய்.

அப்போதெல்லாம் நாம் கேசட்டில்தானே பேசிக்கொண்டோம். லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற கேசட். கேம்ப் ரூமில் நாலு கட்டில், நாலு பேர் வீட்டுக் குரலும் நாலு பேருக்கும் மனப்பாடம். உன் முதல் கேசட்டில் அம்மா விசாரிப்பெல்லாம் முடித்த பிறகு உன் குரல் வந்தது. "அப்பா, துபாய் மலையில ஐஸ் பாத்தேன்னு சொன்னா கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. பாலைவனத்துல ஏதுடா ஐஸுன்னு சாரே சிரிச்சிட்டாரு. என்னைப் புளுகுமூட்டைன்னு கூப்பிடறாங்க. ஒரு போட்டோ அனுப்புங்கப்பா, ப்ளீஸ்." ரூமில் இருந்த மலையாளி ஒருத்தர், "சார், பிள்ளைக்குப் படம் எடுத்துக் கொடுக்கணும் கேட்டோ" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பிள்ளையைப் புளுகன் என்பதற்கு அந்தப் பயல்கள் யார்? குணம் அண்ணனின் பழைய படம் போதாது, நீ தொட்ட அதே ஐஸை ஊருக்கே கொண்டுபோய்க் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

ஆனால் அந்த ஐஸ் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. மழை பெய்திருக்க வேண்டும், வானம் தெளிந்திருக்க வேண்டும், வடக்குக் காற்று அடித்து ஓய்ந்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க நாங்கள் ஏறியதில் பாதி நாள் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வந்தோம். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அதே பாறையில் அதே சீப்பு தொங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து புது ஸ்வெட்டரை எடுத்து மாட்டி, கூலிங்கிளாஸ் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு, ஐஸுக்கு நேர் முன்னால் போய் நின்றேன். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிற படம் என்றால் அப்படித்தானே இருக்கும்? யாருடைய காராவது நிற்கும், நாம் அதன் கதவை மறைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நிற்போம். குணம் அண்ணன் கேமராவைக் கீழே இறக்கினார். "ஐஸ் தெரியேல்லை. நீர் கொஞ்சம் விலகி நில்லும்." "ஊருக்கு அனுப்புற படம்ணே, ஆள் இல்லாம எப்படி?" "எனக்கென்ன, படம் உம்மடை" என்று ஒன்று எடுத்தார். எடுத்து முடித்து நாங்கள் இடம் மாறுவதற்குள் வெயில் பாறைக்கு வந்துவிட்டது. சீப்பு முழுவதும் பொத்பொத்தென்று விழுந்துவிட்டது.

அந்தப் படம் உனக்கு வந்தது. ஸ்வெட்டர் இருக்கிறது, நான் இருக்கிறேன், என் காதுக்குப் பக்கத்தில் ஏதோ வெள்ளையாக ஒன்று இருக்கிறது. அடுத்த கேசட்டில் உன் குரல் சுருங்கியிருந்தது. "அப்பா, ஐஸ் எங்கன்னு கேக்கறாங்க." அதைக் கேட்டு எனக்கு என்மேலேயே ஆத்திரம். நானே ஒரு கேமரா வாங்கினேன். குணம் அண்ணனிடம் ஒழுங்காகப் பாடம் கேட்டேன். "வெள்ளையைக் கண்டால் கமரா பயந்து இருட்டாக்கிப் போடும், நீர் வெளிச்சத்தை ஒரு படி கூடக் குடும்" என்பார். "கிட்டப் போனால் மூச்சு விடாதேயும், லென்ஸ் புகார் பிடிக்கும்" என்பார், பனிமூட்டத்துக்கு அவர்கள் ஊரில் புகார் என்று பெயர். மண்டியிட்டு, குப்புறப் படுத்து, முழங்கை தேய்ந்து, நான் ஐஸைப் படம் எடுக்கப் பழகினேன். தொட்டி ஐஸுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்களை எடுத்தேன். ஐஸ் பூசிய முள்மரக் கிளையை எடுத்தேன். மண்ணிலிருந்து எழும்பிய அந்த இடியாப்பத்தை, ஆள் யாரும் குறுக்கே இல்லாமல், இழை இழையாக எடுத்தேன். ஐஸ் எவ்வளவு பெரியது என்று உன் வகுப்புக்குப் புரிவதற்காக, நீ விட்டுப்போன பழைய கான்வாஸ் ஷூவில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தும் எடுத்தேன். ரூம்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். குளிர்காலம் தவறாமல் உனக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் போன வருஷத்தைவிட நன்றாக வந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உன் கேசட்டில் மட்டும் அம்மா பேசும் பக்கம் நீண்டுகொண்டே போனது, நீ "நல்லா இருக்கேன்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். பரீட்சை நேரம், படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு லீவில் வந்தேன். நீ விளையாடப் போயிருந்த நேரம். "போட்டோவெல்லாம் கிளாஸ்ல காட்டினானா, வாயடைச்சுப் போயிருப்பானுங்களே?" என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். நான் மண்டியிட்டு எடுத்த அத்தனை படங்களும் வந்த கவரோடு, வந்த மடிப்போடு அங்கேயே இருந்தன. எனக்குச் சுருக்கென்றது. நீ வந்ததும் அப்பன் என்கிற அதிகாரத்தோடு கேட்டேன், "ஏன்டா, ஐஸ் படம் வேணும்னு கேட்டுட்டு ஒண்ணைக்கூடக் காட்டலையா?" நீ பள்ளிப் பையைத் திறந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாய். மூடியின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டியிருந்தது அந்த ஸ்வெட்டர் படம். ஐஸே தெரியாத படம். காம்பஸ் முனை பட்டுப்பட்டு என் மூக்கில் ஓட்டை விழுந்திருந்தது. "இதைக் காட்டினேன்பா" என்றாய். "இதுல ஐஸே இல்லையேடா?" என்றேன். நீ என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இதுலதான் நீங்க இருக்கீங்க" என்றாய்.

மறுபடி பந்து விளையாட ஓடிவிட்டாய். உனக்கு இது நினைவிருக்காது. நான் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா பார்த்தாள், பார்க்காததுபோல் போய்விட்டாள்.

திரும்பிப் போனதும் குணம் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்தில், கலவரத்துக்கும் சண்டைக்கும் நடுவில் இருந்தது. அவர் அம்மாவிடமிருந்து கடிதம் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஆள் இல்லாத படமாகவே ஏன் எடுக்கிறீர்கள் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவரே சொன்னார். "அனுப்ப ஆள் இருந்தால்தானே தம்பி, படத்திலை ஆள் வேணும்." அடுத்த குளிரில் மலைக்குப் போனபோது, தன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஐஸுக்கு முன்னால் போய் நின்றார். வேட்டி எடுத்துவந்து, பேண்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டார். "ஐஸ் மறைஞ்சாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு முகம் தெரியவேணும்" என்றார். கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் அது போயிற்று. அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று குணம் அண்ணனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஆதி இங்கே இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன லீவுக்கு வந்தவன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தான். அந்த ஜோடியை நான் இன்னும் வாசலில் அதே இடத்தில்தான் விடுகிறேன். எழுபது வயதுக்கு மேல் வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஓடுவதைப்போல் எதுவும் கிடையாது. நீ தினமும் வீடியோவில் வருவேன் என்கிறாய். வருவாய், நீ சொன்னால் செய்கிறவன்தான். நானும் குளிர்காலம் தவறாமல் அனுப்பினேன், ஒன்றைவிட ஒன்று நல்ல படம். எனக்கு அன்று கம்பெனி கதவைச் சாத்தியது. உனக்கு யாரும் சாத்தவில்லை. விசாவில் அவன் பெயரும் இருக்கிறது என்று நீதானே சொன்னாய். வாடகை அதிகமாகும், நித்யா வேலை தேட முடியாது, பள்ளிக்கூடம் புதிது, குளிர் என்று நீ அடுக்குவாய். எல்லாம் நிஜம்தான். கஷ்டப்படுங்கள், மூன்று பேரும் சேர்ந்து படுங்கள். குளிருக்குப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். கை உறைந்தால் உன் சாக்ஸைக் கழற்றி மாட்டிவிடு, அவனும் பொம்மலாட்டம் காட்டுவான்.

அதனால் என் பதில், முடியாது. அவனை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். நேற்று இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "பேரப்பிள்ளையை வேண்டாம்னு சொல்ற கல்நெஞ்சு உங்களுக்குத்தான் வரும்" என்று தையல் மெஷினை ஓங்கி மூடினாள். காலையில் காபி கொடுக்கும்போது, "ஏர்போர்ட்ல பெல்ட்டைப் புடிச்சானே, அது இன்னும் கண்ணுலயே நிக்குது" என்றாள்.  யானையும் ஒட்டகமும் போட்ட அந்த ஸ்க்ரீனை மடித்துப் பார்சலுக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே போனதும் ஜன்னல் அளவு சொல், மடிப்பை அவளே சரிசெய்து அனுப்புவாளாம்.

முதல் குளிர்காலத்தில் உங்கள் வாசலிலேயே ஐஸ் இருக்கும், மலை ஏற வேண்டியதில்லை. ஆதி ஒரு துண்டை எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடிப்பான், நக்கவும் செய்வான், திட்டாதே. நித்யாவிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு நீ அவன் பக்கத்தில் போய் நில். ஐஸ் மறைந்தால் மறையட்டும். டிக்கெட்டை மூன்றாகப் போடு.

உன்
அப்பா